கையில அடிபட்டவன் எங்க கையெழுத்து வைக்கிறது: மில் வாசலா, இணக்கசபையா, ஆணையாளரா, கோட்ஸா?

ரெண்டு பெரும்போகத்துக்கு முதல் அறுவடை நேரம், ஏ9 ரோட்டோரம் ஒரு நெல்லு மில்லில, மனிசியின்ர தம்பிக்கு மோட்டர் பெல்ட்டுக்குள்ள வலதுகை போய் ரெண்டு விரல் இல்லாமப் போச்சுது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கயிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பி, பதினொரு நாளில வீட்ட வந்தான். வந்து மூண்டாம் நாள் பின்னேரம் முதலாளி வந்தவர், ஒரு பை அப்பிளும் தோடம்பழமும், ஒரு என்வலப்பில 75,000 ரூபா, எல்லாம் புது ஐயாயிரம் தாள், அதோட ரைப் பண்ணின ஒரு கடுதாசி. அதில முத்திரை முதலே ஒட்டியாச்சுது. "இவ்விபத்துத் தொடர்பாக இனிமேல் எவ்வித கோரிக்கையும் முன்வைக்கமாட்டேன்" எண்டு கடைசி வரி. மச்சானுக்கு வலதுகை முழுக்க பண்டேஜ், அவர் சொல்றார் "இடதுகையால கீறிவிடு தம்பி, காணும்" எண்டு.

நல்லகாலம் மாமி தேத்தண்ணி போட எழும்பினவா என்னை போனில கூப்பிட்டிட்டா. நான் வந்து காசை வேண்டச் சொன்னன், கடுதாசியை வைக்கச் சொன்னன், 75,000 ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேண்டினது எண்டு நானே ஒரு கொப்பித்தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சம். முதலாளிக்கு முகம் சுருங்கிப் போச்சுது, ஆனா சண்டை பிடிக்கேல்ல. அவர் கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லவரேல்ல, அவருக்கு ஆரோ அப்பிடிச் சொல்லிக் குடுத்திருக்கினம்.

அதுக்குப் பிறகு ஒண்டரை வருசம் நாங்கள் அலைஞ்ச அலைச்சலில எந்தப் பாதை எப்பிடி எண்டு கொஞ்சம் விளங்கினது, அதைத்தான் எழுதிறன். எங்கட பக்கம் மேசன், தச்சன், கல்லுக்குவாரி, அரிமில், டிப்பர், அறுவெட்டு மிசின், கார்மென்ட்ஸ் எண்டு எல்லாத்திலயும் ஆக்கள் அடிபடுகினம், எல்லாற்ற வீட்டுக்கும் இந்த என்வலப் ஒருநாள் வருது.

முதல் சட்டத்தில என்ன இருக்கெண்டு சுருக்கமாச் சொல்லிப்போட்டுப் போறன், இல்லாட்டி ஒப்பிட ஏலாது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஆனா இண்டைக்கும் அதுதான். வேலையால, வேலை நேரத்தில விபத்து நடந்தா முதலாளி நட்டஈடு குடுக்கவேணும், அவரில பிழை இருக்கெண்டு நீங்கள் காட்டத் தேவையில்லை. இது ஏன் பெரிய விசயமெண்டா, வீட்டில பேசேக்க எல்லாரும் முதல் கதைக்கிறது "ஆர்ல பிழை" எண்டுதான். அந்தக் கதையே இஞ்ச அனேகமாத் தேவையில்லை. வெறியில நிண்டு அடிபட்டது, பாதுகாப்புக்கெண்டு போட்ட கட்டளையை வேணுமெண்டு மீறினது, பாதுகாப்புக் கவரைத் தானே தெரிஞ்சுகொண்டு கழட்டினது, இப்பிடியான விசயங்களில மட்டும்தான் முதலாளி மாட்டனெண்டு சொல்லலாம், ஆள் செத்தா அதையும் சொல்ல ஏலாது. 2022இல திருத்தம் வந்து ஆகக்கூடின தொகை அஞ்சரை இலட்சத்தில இருந்து 20 இலட்சமாக் கூடினது, வேலைக்குப் போகேக்க வரேக்க நடக்கிற விபத்தையும் சேர்த்திருக்கு. பழைய அஞ்சரை இலட்சக் கணக்கை இப்பவும் சொல்லிக்கொண்டு திரியிற ஆக்கள் இருக்கினம், கவனம்.

காசு எப்பிடி வருதெண்டா ரெண்டு விசயம், உங்கட மாதச் சம்பளம், மற்றது எத்தினை வீத இயலாமை. சட்டத்திலயே ஒரு அட்டவணை கிடக்கு, எந்த விரல், எந்த மூட்டு, கண், காது, ஒவ்வொண்டுக்கும் வீதம் போட்டு. அட்டவணையில இல்லாத காயமெண்டா டொக்டர் சொல்ற வீதம். உதாரணத்துக்கு உங்கட சம்பளத்துக்கு முழு இயலாமைக்கு 10 இலட்சம் வரும் எண்டு வைப்பம், டொக்டர் 30 வீதம் எண்டு எழுதினா 3 இலட்சம். இவ்வளவுதான் கணக்கு. இதைவிட, வேலை செய்யேலாம வீட்டில கிடக்கிற காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒருக்கா குடுக்கவேண்டிய காசு வேற. இப்ப அந்த 75,000 என்வலப்பை யோசியுங்கோ. அண்டைக்குக் காயம் ஆறேல்ல, மூண்டாவது விரல் மடங்குமோ மடங்காதோ தெரியாது, வீதம் எண்டொரு சாமானே இன்னும் பிறக்கேல்ல. எதைவச்சு "இனிக் கேக்கமாட்டன்" எண்டு கையெழுத்து வைக்கிறது?

சரி, இனி பாதைகள். முதலாவது வீட்டில பேசித் தீர்க்கிறது. சனம் இதைத்தான் விரும்புது, நான் அதைக் குறை சொல்லமாட்டன். 2009இல யுத்தம் முடிஞ்சபிறகு வந்து குடியேறின இடத்தில வேலை தாறதே நாலைஞ்சு முதலாளிமார், நாளைக்கும் அந்த வாசலுக்குத்தான் போகவேணும், அவற்ற பிள்ளையும் எங்கட பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடம். காசு உடன வரும், பஸ் செலவில்லை, முகம் முறியாது. ஆனா தொகையை முடிவெடுக்கிறது முதலாளி, உங்களிட்ட அளவுகோல் இல்லை. இன்னொண்டு, சட்டத்தில எனக்குள்ள உரிமையை விட்டுக்குடுக்கிறன் எண்டு தொழிலாளி எழுதிக் குடுக்கிற உடன்படிக்கை செல்லாது. தொகை பேசி முடிச்சா அந்த உடன்பாட்டை, இந்தச் சட்டத்தின்படி நட்டஈட்டை விசாரிக்கிற தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்பிப் பதியவேணும், காசு போதாது, ஏமாத்தி வாங்கினது, வெருட்டி வாங்கினது எண்டு கண்டா அவர் பதிய மறுக்கலாம். ஆக அந்த முத்திரைக் கடுதாசியால முதலாளிக்கும் பெரிய பாதுகாப்பில்லை, அதை அவருக்கு விளங்கப்படுத்தினாலே பாதிப் பிரச்சினை முடியும். எங்கட முதலாளிக்கு அது விளங்க ஆறு மாதம் எடுத்தது.

ஆள் செத்துப்போனா இந்தப் பாதைக்கே போகாதேங்கோ. செத்தவீட்டில, பெட்டி எடுக்க முதலே, மனிசியின்ர கையில காசைக் குடுத்து எழுதி வாங்கினதை நான் கண்டிருக்கிறன். மரண நட்டஈட்டை ஆணையாளரிட்டத்தான் கட்டவேணும், அவர்தான் மனிசி, பிள்ளையள், தங்கியிருந்த தாய் தகப்பனுக்குப் பிரிச்சுக் குடுப்பார். செலவுக்குத் தந்ததை செலவுக்குத் தந்ததாவே எழுதி வையுங்கோ.

ரெண்டாவது இணக்கசபை, மத்தியஸ்த சபை எண்டு போட் இருக்கும். இதுக்கு நாங்கள் போனதே ஊர்ப்பெரியவர் ஒராள் சொல்லித்தான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, காசில்லை, லோயர்மார் வந்து வாதாட ஏலாது, அனேகமா சனி ஞாயிறில பள்ளிக்கூடத்தில நடக்கும். மூண்டு பேர் இருப்பினம், நீங்கள் ஒராள் தெரிவு, மற்றப் பகுதி ஒராள் தெரிவு, அந்த ரெண்டு பேரும் சேர்ந்து மூண்டாமாளைத் தலைவரா எடுப்பினம். அவை தீர்ப்புச் சொல்றேல்ல, ரெண்டு பகுதியையும் கதைக்க வைக்கிறதுதான் வேலை. நாங்கள் போனது ரெண்டாம் வகுப்பு அறை, சுவரில ஆனா ஆவன்னா, சின்னக் கதிரை. முதலாளி பெரிய உடம்பு, முழங்கால் நெஞ்சுக்கு முட்ட அந்தக் கதிரையில இருக்க, எனக்கு அந்த நேரத்திலயும் சிரிப்பு வந்தது.

அங்க நடந்ததைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லவேணும், ஏனெண்டா எங்கட இடத்துக்கெண்டே ஒரு சிக்கல் இருக்கு. மச்சானுக்கு 2009 யுத்தத்தில செல் விழுந்து அதே வலதுகையில, முழங்கைக்குக் கீழ, செல்லின்ர ஒரு பீஸ் இன்னும் கிடக்கு. மழைக்கு உளையும், ஆனா அதோடதான் எட்டு வருசமா மூட்டை தூக்கினவன். முதலாளியோட வந்த சொந்தக்காரர், நல்லாக் கதைக்கத் தெரிஞ்ச மனுசன், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிச்சு "இந்தக் கை முதலே பழுதுதானே, பீஸ் இருக்குத்தானே, அதுக்கும் நாங்களோ காசு குடுக்கிறது" எண்டார். அறை அப்பிடியே அடங்கிப்போச்சுது. அந்தத் தலைவருக்கும் காலில காயம், மேசைக்குக் கீழ பார்த்தா தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. மச்சான் தலையைக் குனிஞ்சிட்டான், பிறகு "விடுங்கோ அண்ணை, ஒரு இலட்சத்தி அம்பதோட முடிப்பம்" எண்டு என்ர காதில சொல்றான். செல்லடியைக் கதைக்க அவனுக்குள்ள என்னவோ உடைஞ்சு போச்சுது, காசைப் பற்றின கதையே இல்லை அது.

நான் அண்டைக்குத் தவணை கேட்டன். இணக்கசபையில இருந்தவை நல்ல மனுசர், பொறுமையாக் கேட்டவை, சாப்பாட்டு நேரத்தையும் விட்டுட்டு இருந்தவை. ஆனா பழைய காயம் எவ்வளவு புதுக்காயம் எவ்வளவு எண்டு பிரிக்கிறது அவையின்ர வேலையில்லை, அவையால ஏலவும் ஏலாது, அது டொக்டற்ற வேலை. அங்க முடிவாகிறது ரெண்டு பகுதிக்கும் மனம் எங்க சரிவருது எண்ட இடம், அந்த இடத்துக்கு முதல் சரியிறது எப்பவும் காசில்லாதவன்தான். முடிவுக்கு வந்தா இணக்கச் சான்றிதழ், வராட்டி இணங்காச் சான்றிதழ். இணங்கிப்போட்டு மற்றவர் காசு கட்டாட்டி திரும்ப சபைக்கு அறிவிக்க அவை கூப்பிட்டுக் கதைப்பினம், அதுக்கும் சரிவராட்டி இணங்காச் சான்றிதழைத்தான் தருவினம், மச்சானைப்போல ஒராளுக்கு அது திரும்ப ஒண்டாம் படி.

ஆனா இணக்கசபை சும்மா எண்டு எழுதேல்ல. சில விசயத்துக்கு அதுதான் திறம். வீட்டுக்கு மதில் கட்டக் கூப்பிட்ட மேசனுக்கு ஏறி நிண்ட சாரம் சரிஞ்சு கால் முறிஞ்சா, வீட்டுக்காரர் யாவாரத்துக்கு ஆள் வைச்சவர் இல்லை, அங்க நட்டஈட்டுச் சட்டத்தைக் கொண்டுபோய் நிப்பாட்டிறது கஷ்டம். அயலவன்ர கிணத்தை இறைக்கப்போய் விழுந்தது, கூட்டா அறுவெட்டுக்குப் போன இடத்தில அடிபட்டது, இதுகளுக்கெல்லாம் சபையில இருந்து கதைச்சு, மாதம் மாதம் இவ்வளவு எண்டு பேசினாலே பெரிய உதவி. மில், கடை, கொந்திராத்து, கொம்பனி எண்டா எனக்கு அது முதல் தெரிவு இல்லை.

கொந்திராத்து எண்ட உடன ஞாபகம் வந்தது, எங்கட பொடியள் "நான் பாஸுக்குக் கீழதான் வேலை செய்தனான், கொம்பனிக்கு என்னைத் தெரியாது" எண்டு பேசாம இருக்கினம். உபகொந்திராத்துக்காரர் வைச்ச ஆளுக்கும் மேல உள்ள பெரிய கொந்திராத்துக்காரர் பொறுப்பு, பிறகு அவர் கீழ உள்ளவரிட்ட வாங்கிறது அவற்ற பாடு. அரசாங்க ரோட்டு, கட்டிட வேலையளுக்கு டென்டரிலயே தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் போடவேணும் எண்டு இருக்கு, அதைக் கேளுங்கோ. இன்சூரன்ஸ் இருக்கெண்டா முதலாளியும் அவ்வளவு முரண்டு பிடிக்கமாட்டார், அவற்ற பொக்கற்றில இருந்து போகேல்லத்தானே.

மூண்டாவது, ஆணையாளர். கந்தோர் கொழும்பில, ஆனா பக்கத்து தொழிற்கந்தோரில கேட்டா விண்ணப்பம் எப்பிடி எண்டு சொல்லுவினம். விபத்து நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடவேணும், இதை மறந்து "ஆறட்டும் பாப்பம்" எண்டு இருந்திடாதேங்கோ. முதலாளிக்கும் உடன எழுத்தில அறிவியுங்கோ, ஒரு கொப்பி உங்களிட்ட. நாங்கள் கொண்டுபோனது ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, பொலிசில போட்ட என்றியின்ர பிரதி, சட்டவைத்திய அதிகாரியின்ர அறிக்கைக்கான விபரம், பிறகு சம்பளத்துக்கு ஆதாரம். சம்பளத்தில்தான் நாங்கள் மினக்கெட்டது. நாள்ச்சம்பளம், சம்பளத் துண்டு இல்லை, இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டேல்ல. இபிஎஃப் கட்டாட்டி நட்டஈடு இல்லை எண்டு ஒருத்தர் வெருட்டினவர், அது சும்மா கதை. உண்மையில அது முதலாளிக்குத்தான் இன்னொரு தலையிடி, தற்காலிக ஆளுக்கும் அவர் இபிஎஃப் 12 வீதமும் ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டியிருக்கவேணும். மச்சான்ர மனிசி ஒரு பழைய கலண்டரில ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த காசை பென்சிலால எழுதி வைச்சிருந்தா, நெல்லு விலையும் பால்மா விலையும் அதே கலண்டரில கிடக்கு. அந்தக் கலண்டர் எங்களுக்கு எந்தச் சாட்சியையும் விட உதவினது. கூட வேலை செய்த ஒரு பொடியனும் வந்து சொன்னவன், பிறகு அவன் வேற மில்லுக்குப் போயிட்டான், ஏனெண்டு கேக்கத் தேவையில்லை.

அங்க எப்பிடி இருக்குமெண்டு கனபேர் பயப்பிடுகினம். கோட்ஸ் மாதிரி கூண்டெல்லாம் இல்லை. முதலாளியின்ர மறுமொழியைக் கேப்பினம், தவணை போடுவினம், ரெண்டு பகுதியும் இருக்க விசாரிப்பினம், இடையில "பேசி முடிக்க விருப்பமா" எண்டு கேக்கிறதும் உண்டு. இதுதான் நான் சொல்லவந்த இடம். இணக்கம் இஞ்சயும் நடக்குது, ஆனா மேசையில டொக்டற்ற வீதம் கிடக்கு, சம்பளக் கணக்கு கிடக்கு, அட்டவணை கிடக்கு, காசு குறைஞ்சா பதியமாட்டன் எண்டு சொல்லக்கூடிய ஒராள் நடுவில இருக்கிறார். பேச்சு அதே பேச்சுத்தான், கதிரை மட்டும் வேற. கட்டளை வந்தபிறகு முதலாளி கட்டாட்டி நீதிமன்றம் மூலமா அறவிடலாம், வீட்டுப்பேச்சில அது இல்லை.

செல் பீஸ் கதை அங்கயும் வந்தது. ஆனா அங்க டொக்டற்ற அறிக்கையில விரல் ரெண்டும் புதுசா போனது எண்டும், முழங்கைக்குக் கீழ உள்ள பழைய பீஸ் வேறயா இருக்கெண்டும் தனித்தனியா எழுதிக் கிடந்தது. ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியை வாசிச்ச உடன முதலாளியின்ர பகுதி அந்தக் கதையை விட்டுட்டுது. பழைய காயம் உள்ள ஆக்கள், எங்கட பக்கம் அது கொஞ்சநஞ்சமில்லை, அறிக்கை எழுதேக்கயே டொக்டரிட்ட அதை மறைக்காமச் சொல்லிப் பிரிச்சு எழுதச் சொல்லிக் கேளுங்கோ. மறைச்சா எக்ஸ்ரேயில தெரியும், பிறகு எல்லாத்தையும் பொய்யெண்டுவினம். பெல்ட் கவரை மச்சான்தான் கழட்டினவன் எண்டும் ஒரு கதை வந்தது, அதுக்கு நல்லகாலம் முதல் கிழமையே போனில எடுத்த படம் இருந்தது, கவர் பூட்டிற ஆணி துருப்பிடிச்சு, அதில குளவி கூடு கட்டியிருக்கு. குளவி ஒரு நாளில வீடு கட்டாது எண்டு மச்சான் சொன்னான், ஒராளும் மறுக்கேல்ல.

இந்தப் பாதையின்ர கெட்டபக்கம், நேரம். ஒரு வருசத்துக்கு மேல போச்சுது, ரெண்டு தவணை தள்ளுப்பட்டது, ஒவ்வொருமுறையும் இரவு பஸ், அடுத்தநாள் இரவு திரும்ப பஸ், சாப்பாடு, ஒருநாள்க் கூலி எனக்கும் இல்லை. கையில ஒண்டும் இல்லாத குடும்பம் இந்த இடைவெளியில அடகுக்கடைக்குப் போகும், அப்பிடிப் போய் களைச்சு நடுவில கையெழுத்து வைச்சிட்டு வந்த ஆக்களும் இருக்கினம், அவையில பிழையில்லை. சட்டத்தரணி வேணுமெண்டா சட்ட உதவி ஆணைக்குழுவில கேளுங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் காசில்லாம உதவி செய்யிற இடம். தொழிற்சங்கம் இருந்தா அவையையும் கேட்டுப் பாருங்கோ, எங்கட மில்லுகளில சங்கம் எங்க இருக்கு.

நாலாவது மாவட்ட நீதிமன்றத்தில சேதம் கேட்டு வழக்கு. இதில உச்சத் தொகை எண்டு இல்லை, நோவுக்கும் மனவேதனைக்கும் சேர்த்துக் கேக்கலாம், ஆனா முதலாளியில பிழை எண்டு நீங்கள் காட்டவேணும், செலவு உங்கட, எத்தினை வருசம் எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரெண்டு வருசத்துக்குள்ள போடவேணும். ரெண்டு குதிரையில ஓடவும் ஏலாது, ஆணையாளரிட்ட கேட்டா அதே காயத்துக்கு கோட்ஸில சேதம் கேக்க ஏலாது, அதேபோல மறுபக்கமும். இளம் ஆள், பெரிய சம்பளம், முழங்கையோட கை போச்சுது, முதலாளியின்ர கவலையீனம் வெட்டவெளிச்சம், இப்பிடியெண்டா ஒரு சட்டத்தரணியிட்ட முதலே கேட்டு யோசிக்கலாம். ரெண்டு விரலுக்கு நான் போகமாட்டன்.

என்னட்டக் கேட்டா, முதல் மாதம் முதலாளியோட நல்லாக் கதைச்சு, சாப்பாட்டுக்கும் கிளினிக் போக வரவும் காசு வேண்டுங்கோ, வேண்டினதை வேண்டினதெண்டு மட்டும் எழுதுங்கோ. காயம் ஆறட்டும், வீதம் கையில வரட்டும். அதுக்கிடையில விண்ணப்பத்தைப் போட்டு வைச்சிடுங்கோ, முதலாளிக்கு "உங்களோட கோவமில்லை, பதிஞ்சா உங்களுக்கும் நாளைக்குத் தொல்லையில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போடுங்கோ. பேசி முடிக்கிறதெண்டா அந்த மேசையில முடியுங்கோ.

எங்கட தொகையை எழுதமாட்டன், ரெண்டு பகுதியும் ஒரே ஊரில இருக்கினம். இணக்கசபையில மச்சான் என்ர காதில சொன்ன ஒரு இலட்சத்தி அம்பதைவிட ரெண்டு மடங்குக்கு மேல எண்டு மட்டும் சொல்லலாம். கடைசித் தவணை முடிஞ்சு வரேக்க முதலாளியும் அதே இரவு பஸ்ஸில ஏறினவர், வேற பஸ் இல்லை. வவுனியாவில தேத்தண்ணிக்கு நிப்பாட்ட, மூண்டு பிளேன்ரீக்குக் காசைக் குடுத்திட்டு ஒண்டை மச்சானுக்கு நீட்டினார், வலதுபக்கமா. மச்சான் இடதுகையால வாங்கினான். பிறகு அவர், "மோட்டருக்குக் கவர் போட்டாச்சுது, வந்து பார் ஒருக்கா" எண்டார். இவன் ஒண்டும் சொல்லேல்ல, ஊதி ஊதிக் குடிச்சான்.